ஒரு தாயின் இறப்பு எழுப்பும் கேள்விகள்: தமிழ்நாட்டின் பேறுகால இறப்புத் தணிக்கை – நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் 2001–03 காலகட்டத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். மத்திய அரசு நடத்தும் பிறப்பு–இறப்புக் கணக்கெடுப்பான மாதிரிப் பதிவு முறையின் 2018–20 கணக்கு இதை 54 என்கிறது. அதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண் 301-இலிருந்து 97-க்கு வந்தது. இடைப்பட்ட கணக்குகளில் தமிழ்நாட்டின் எண் 111, 97, 90, 79, 66, 60 என்று படிப்படியாக இறங்கியிருக்கிறது. ஒரே திட்டம் வந்து ஒரே தாவலில் செய்த வேலையாக இருந்தால் இறக்கம் இப்படி இருந்திருக்காது.

இதற்குக் காரணம் கேட்டால் பட்டியல் ஒன்று தயாராக வரும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், சீமாங் மையங்கள் (24 மணி நேர அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்கள்), 108 ஆம்புலன்ஸ். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் பட்டியல் விடைகளை மட்டும் சொல்கிறது. எந்தக் கேள்விக்கு இவை விடைகளாக வந்தன என்பதைச் சொல்வதில்லை. 1994-இல் தொடங்கி, 2004-இல் அரசாணை வழியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஒரு வழக்கம் அந்தக் கேள்விகளை விடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தது. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதையொட்டியோ இறக்கும் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் அறிக்கை, விசாரணை, கூட்டம் என்பதே அந்த வழக்கம். அந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது, எங்கே சிக்குகிறது என்பதே இந்த ஆய்வின் பொருள். அரசுத் திட்டம் ஒன்று தன்னைத் தொடர்ந்து திருத்திக்கொள்வது எப்படி என்று காட்ட இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை.

எந்த இறப்பு கணக்கில் வரும்

கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் எவ்வகையில் முடிந்திருந்தாலும் அதன் பின் 42 நாட்களுக்குள்ளோ நேரும் இறப்பு பேறுகால இறப்பு. அதன் காரணம் கர்ப்பத்தோடு தொடர்புடையதாகவோ, கர்ப்பத்தால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். சாலை விபத்து சேராது. தற்கொலை சேரும், உலக சுகாதார நிறுவனத்தின் 2012 வகைப்பாடு அதை நேரடிக் காரணமாகவே வைக்கிறது.

இந்த வரையறை காகிதத்தில் எளிது, களத்தில் கடினம். மூன்றாம் மாதத்தில் கருக்குழாய் வெடித்து இறந்த பெண் கர்ப்பிணி என்பது குடும்பத்துக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். பிரசவம் முடிந்து முப்பதாம் நாள் காய்ச்சலில் இறந்தவர் பொது வார்டில் இறந்திருப்பார். அங்கே யாரும் குழந்தை பிறந்த தேதியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் முறை இப்படி இருக்க வேண்டும்: 15 முதல் 49 வயதுக்குள் இறந்த எல்லாப் பெண்களின் பட்டியலையும் எடுத்து, 'கர்ப்பமாக இருந்தாரா, கடந்த 42 நாட்களில் குழந்தை பெற்றாரா, கரு கலைந்ததா' என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு வடிகட்ட வேண்டும். பேறுகால இறப்பை மட்டும் தேடிப் போனால் பிரசவ அறையில் நேர்ந்தவை மட்டுமே கிடைக்கும்.

கணக்கெடுப்பு ஒழுங்காகத் தொடங்கும் முதல் சில ஆண்டுகளில் பதிவாகும் இறப்புகள் கூடும். அது சரியான அறிகுறி. அந்தச் சமயத்தில் மேலிடம் 'ஏன் கூடியது' என்று அதட்டினால் அடுத்த ஆண்டே எண் இறங்கிவிடும். இறப்புகள் அப்படியே இருக்கும். பொதுத்துறையில் மேம்பாட்டு முயற்சிகள் பல செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

தகவலிலிருந்து ஆட்சியர் கூட்டம் வரை

இறப்பு நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்தால் அங்குள்ள பொறுப்பு மருத்துவரும், வீட்டிலோ வழியிலோ நேர்ந்தால் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரும் அனுப்புவார்கள். இரண்டு விசாரணைகள் தனித்தனியே நடக்கும். ஒன்று மருத்துவமனைக்குள்: கேஸ் ஷீட், பார்ட்டோகிராஃப் (பிரசவம் முன்னேறுவதை நேரவாரியாகக் குறிக்கும் வரைபடம்), மருந்து அட்டவணை, பணியில் இருந்தவர்களின் வாக்குமூலம். மற்றது வீட்டில்: கணவர், தாயார், உடன் வந்தவர், ஆட்டோ ஓட்டியவர் என்று பார்த்தவர்களிடம் கேட்டு எழுதும் வாய்மொழி விசாரணை. மருத்துவமனையில் இறந்திருந்தாலும் வீட்டு விசாரணையை விடக்கூடாது. மருத்துவமனைக் கோப்பு தொடங்குவது பெண் வாசலுக்கு வந்த நேரத்தில். அதற்கு முந்தைய ஆறு மணி நேரம் குடும்பத்தின் நினைவில் மட்டுமே இருக்கும்.

வீட்டுக்குப் போவது எப்போது என்பதில் நிதானம் வேண்டும். மறுநாளே போனால் துக்கத்தில் பேச்சு வராது. பழி சுமத்த வந்ததாக நினைப்பார்கள். ஒரு மாதம் தாண்டினால் நேரங்கள் மறந்துபோகும். காரியம் முடிந்த பின், இரண்டு மூன்று வாரங்களுக்குள் என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தவரையோ, அவருடைய கர்ப்பகாலக் கவனிப்புக்குப் பொறுப்பானவரையோ விசாரணைக்கு அனுப்பவே கூடாது.

பிறகு மாவட்டக் கூட்டங்கள். முதலில் சுகாதாரத் துறை அதிகாரிகளும் மகப்பேறு மருத்துவர்களும் மருத்துவக் கண்ணோட்டத்தில் பார்ப்பார்கள். அடுத்தது மாவட்ட ஆட்சியர் தலைமையில். இறந்தவரின் உறவினர் இருவரை இதற்கு அழைப்பது விதியிலேயே உண்டு. ஆட்சியர் எதற்கு என்று கேட்கலாம். சாலை, வாகனம், மின்சாரம், பணியிடம், ரத்த வங்கிக்கான நிதி ஆகியவை மருத்துவத் துறையின் கையில் மட்டும் இல்லை. 'ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை' என்பதை டாக்டர்கள் கூட்டத்தில் நூறு முறை எழுதலாம். ஆட்சியர் முன் ஒருமுறை சொன்னால் தீரும்.

'தணிக்கை' என்ற சொல்லே கொஞ்சம் இடையூறு செய்கிறது. நம் அலுவலகங்களில் தணிக்கை என்றால் குற்றம் கண்டுபிடித்து விளக்கம் கேட்பது என்றுதான் பழகியிருக்கிறோம். தேசிய வழிகாட்டி 2010-லும் 2017-லும் வந்தபோது, பெயர் சுட்டாமை, பழி சுமத்தாமை என்பதைக் கொள்கையாகவே எழுதியது. எழுதுவது எளிது, அது நடைமுறையில் நிற்கிறதா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு மாதிரிக் கோப்பு

கீழே வருவது எந்த ஒரு பெண்ணின் கோப்பும் அல்ல. தணிக்கைக் கூட்டம் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்று காட்ட, அடிக்கடி சேர்ந்து வரும் கூறுகளை வைத்து அமைத்தது.

24 வயது, இரண்டாவது பிரசவம். ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது என்று அட்டையில் இருக்கிறது. இரவு 1:10-க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடப்பட்டது. 1:25-க்கு உதிரப்போக்கு அதிகமாகத் தொடங்குகிறது. 1:50-க்குச் செவிலியர் நிலைமையை உணர்ந்து மருத்துவரை அழைக்கிறார். 2:05-க்கு 108-க்கு அழைப்பு. 2:30-க்கு வண்டி. 3:10-க்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனை; அங்கே அந்த வகை ரத்தம் இல்லை. 3:40-க்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்படுகிறார். 4:50-க்குச் சேர்கிறார். 5:20-க்கு இறப்பு.

படிவத்தில் காரணம் 'அதிர்ச்சி, இதயம் நின்றது' என்று வரும். இதுதான் முதல் பிழை. இதயம் எல்லோருக்கும் நிற்கும். அது இறந்த விதம். இறப்பின் காரணம் ஆகாது. அடிப்படைக் காரணம் பிரசவத்துக்குப் பின்னான உதிரப்போக்கு. பங்களித்த நிலை ரத்தசோகை. இந்த இரண்டையும் எழுதாத படிவத்தைக் கூட்டத்துக்கு எடுக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்து நேரத்தை உடைக்க வேண்டும். உதிரப்போக்கு தொடங்கியதிலிருந்து இறப்பு வரை 235 நிமிடங்கள். உணர்வதற்கு 25, வண்டியை அழைப்பதற்கு 15, வண்டி வர 25, முதல் பயணம் 40, ரத்தம் இல்லாத மருத்துவமனையில் 30, இரண்டாம் பயணம் 70, கடைசி இடத்தில் 30. சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்த உதிரப்போக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகும் என்பது பிரசவ அறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தாடியஸ், மெயின் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் வகுத்த 'மூன்று தாமதங்கள்', அதாவது முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம், படிவத்தில் மூன்று கட்டங்களாக இருக்கின்றன. கட்டத்தில் 'டிக்' போடுவதோடு நிறுத்தினால் பயன் இல்லை. நிமிடம் எழுதினால்தான் எங்கே கைவைக்கலாம் என்று தெரியும்.

முதல் 25 நிமிடம்: செவிலியர் கவனக்குறைவு என்று எழுதிவிடுவது வழக்கம். ஆனால் துணியிலும் தரையிலும் பரவிய ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் அனுபவசாலிகளும் குறைத்தே சொல்வார்கள். அளவுக்கோடு அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்குக் கீழே விரித்தால் ரத்தம் பையில் சேரும், 500 மி.லி. கோடு தொட்டால் யோசனைக்கே இடமில்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் மாறினால் 300 மி.லி.யிலேயே தொடங்கலாம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு, இந்த விரிப்போடு கருப்பை மசாஜ், ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், பரிசோதனை ஆகியவற்றை ஒரே தொகுப்பாகச் செய்தால் கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைவதைக் காட்டியது. ஒன்றுக்குப் பலன் இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்ததைத் தொடங்குவது பழைய பழக்கம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குவதுதான் இங்கே புதிது.

அடுத்த 15 நிமிடம்: மருத்துவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகே வண்டியை அழைக்கலாம் என்ற எழுதப்படாத விதி. செவிலியரே நேரடியாக அழைக்கலாம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினால் செலவு பூஜ்யம்.

முதல் பயணம்: 'அருகிலுள்ள மருத்துவமனை' என்பது தவறான விதி. 'ரத்தமும் அறுவை அரங்கும் மயக்க மருத்துவரும் இந்த நேரத்தில் இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனை' என்பதே சரி. வண்டி கிளம்பும் முன் ஒரு போன் போட்டிருந்தால், 40 நிமிடப் பயணத்தில் கணிசமான பகுதியும் 30 நிமிடக் காத்திருப்பு முழுவதும் மிஞ்சியிருக்கும்.

கடைசியாக அந்த 8.4. ஒரு லிட்டர் ரத்தம் போனால் 11 கிராம் உள்ளவர் தாங்குவார், 8.4 உள்ளவர் தாங்காமல் போகலாம். ஏழாம் மாதத்தில் மாத்திரையை மட்டும் நம்பியது தவறு. 50 கிலோ எடையுள்ளவரை 11-க்குக் கொண்டுவரத் தேவைப்படும் இரும்பின் கணக்கு: எடை × குறைபாடு × 2.4, அதோடு சேமிப்புக்கு 500. அதாவது 50 × 2.6 × 2.4 = 312; மொத்தம் 812 மி.கி. அயர்ன் சுக்ரோஸ் 200 மி.கி.யை 100 மி.லி. சலைனில் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏற்றினால் நான்கு அல்லது ஐந்து முறை. இரண்டு வாரத்தில் முடியும் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். அட்டையில் 'மாத்திரை கொடுக்கப்பட்டது' என்று இருக்கிறது. சாப்பிட்டாரா, நான்கு வாரத்தில் மறுபரிசோதனையில் ஏறியதா என்ற கட்டமே அட்டையில் இல்லாவிட்டால், செவிலியரிடம் விளக்கம் கேட்பதில் அர்த்தம் இல்லை. அட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு கோப்பிலிருந்து நான்கு மாற்றங்கள். ஒருவரையும் பணியிடை நீக்கம் செய்யத் தேவை இருக்கவில்லை.

கேள்விகள் மாற்றிய அமைப்பு

பிரசவ வலி அலுவலக நேரம் பார்த்து வராது. பகலில் மட்டும் இயங்கிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரவில் வந்தவர்கள் திரும்பிப்போனார்கள், அல்லது வரவே இல்லை. இதற்கான விடையாக வந்ததே மூன்று செவிலியர்களை நியமித்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு. வீட்டுப் பிரசவங்கள் மளமளவென்று குறைந்து, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2015–16 சுற்றில் மருத்துவமனைப் பிரசவம் 98.9 சதவீதமாகவும், 2019–21-இல் 99.6 ஆகவும் ஆனது. ஆனால் மூன்று என்ற எண்ணில் ஓர் இடைவெளி இருக்கிறது. எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட். மூன்று பேர் வார விடுப்பு எடுத்தால் 18 ஷிப்ட்தான் நிரம்பும். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் 12. மிச்சத்தை மற்றவர்கள் இரட்டை ஷிப்டாகச் சுமப்பார்கள். இரவு 1:25-க்கு உதிரப்போக்கை உணரத் தாமதமானவர் எத்தனை மணி நேரமாகப் பணியில் இருந்தார் என்ற கேள்வி தணிக்கைப் படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

சீமாங் மையம் இரண்டாவது விடை. பிரசவம் மருத்துவமனைக்கு வந்த பிறகும் இறப்பு நின்றுவிடவில்லை. சிக்கலான பெண்கள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். எல்லா மருத்துவமனையிலும் எல்லாமும் என்பது நடக்காத காரியம். அதனால் மாவட்டத்துக்குச் சில மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, மகப்பேறு, மயக்கம், குழந்தை மருத்துவர்களையும் ரத்த வங்கியையும் அங்கே குவித்து, 24 மணி நேரமும் அறுவை செய்யத் தயாராக வைத்தார்கள். 2004-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் அறிவு வரைபடத்தில் இருந்தது: எந்த ஊரிலிருந்தும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சேர வேண்டும். மருத்துவர்களைக் கிராமப்புறத்தில் நிறுத்த உதவியது பட்டமேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான ஒதுக்கீடு. இந்த ஒதுக்கீடு வழக்குகளில் சிக்கி, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. தேர்வு விதியைப் பற்றிய வழக்கு என்று அதைக் கடந்துபோகக் கூடாது. ஒரு தாலுகா மருத்துவமனையில் இரவு மயக்க மருத்துவர் இருப்பாரா என்பது அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்ன விஷயங்கள் இன்னும் முக்கியம். பேறுகால வலிப்புக்கான மெக்னீசியம் சல்ஃபேட்டின் முதல் தவணை 10 கிராம், இரண்டு பிட்டங்களிலும் ஐந்து ஐந்தாக. 50 சதவீதக் கரைசலில் 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம். ஆக, பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும். அவசரத் தட்டில் நான்கு இருந்தால் நான்குதான் போகும், 'மெக்னீசியம் கொடுக்கப்பட்டது' என்று கோப்பில் ஏறும், வலிப்பு நிற்காது. தீர்வு பயிற்சி வகுப்பு அல்ல. பத்து ஆம்பூல், இரண்டு 10 மி.லி. ஊசி, மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட், அளவு எழுதிய அட்டை ஆகியவற்றைப் போட்டு முத்திரையிட்ட பெட்டி. முத்திரை உடைந்திருந்தால் மறுநாள் காலை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆக்ஸிடோசினும் அப்படியே: 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது, மே மாத வெயிலில் லேபர் வார்டு தட்டிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் வீரியம் போய்விடும். 'மருந்து போட்டும் கருப்பை சுருங்கவில்லை' என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் தணிக்கைக் குழு ஃப்ரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் தலைப்பிரசவம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போவார். கர்ப்பம் முழுவதும் ஒரு கிராம சுகாதார செவிலியர் பார்த்திருப்பார். பிரசவம் வேறு மாவட்டத்தில். ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கும் அதே வாரங்களில் பெண் ஒரு பதிவேட்டிலிருந்து மறைந்து இன்னொன்றில் ஏறாமல் இருப்பார். தணிக்கையில் இரண்டு மாவட்டமும் 'எங்கள் கணக்கு இல்லை' என்று சொல்லும். மாநிலம் முழுவதற்கும் ஒரே பிக்மி எண் (கர்ப்பிணியைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனிப்பதற்கான எண்) என்ற ஏற்பாடு இந்த ஓட்டையை அடைக்கத்தான் பயன்பட்டது. எண் இருந்தால் போதாது; பெண்ணை அனுப்பும் ஊரின் செவிலியர் அவர் போய்ச் சேரும் ஊரின் செவிலியரிடம் பேச வேண்டும். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த வெளிமாநிலக் குடும்பங்களுக்கு அந்த எண்ணே பல நேரம் தாமதமாகத்தான் கிடைக்கிறது.

எங்கே கெடுகிறது

பயத்தில் கெடுகிறது. ஒரு தணிக்கைக் கூட்டத்தில் செவிலியர் எல்லோர் முன்னும் அவமானப்படுத்தப்பட்டால், அடுத்த மாதக் கோப்புகள் அழகாகிவிடும். எல்லா வருகையிலும் பி.பி. 120/80. எல்லாருக்கும் ஹீமோகுளோபின் 10. பார்ட்டோகிராஃப் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், பிரசவத்துக்குப் பிறகு உட்கார்ந்து வரைந்தது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு நிலையத்தின் நூறு அட்டைகளில் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப்பார்த்தால் போதும். 0-இல் முடியும் அளவுகள் பாதிக்கு மேல் இருந்தால் யாரும் அளக்கவில்லை, அல்லது தோராயமாக எழுதுகிறார்கள். ஆனால் கண்டுபிடித்து மறுபடி தண்டித்தால் நோய் முற்றும். உண்மை சொன்னவருக்கு நேரும் கதியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எழுதக் கற்கிறார்கள்.

பயத்தின் இன்னொரு முகம் ரெஃபரல். நம் நிலையத்தில் இறக்கக்கூடாது என்பதே குறிக்கோளாகிவிட்டால், லேசான சந்தேகத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கூட்டம் நெரியும். உண்மையாகவே அவசரமானவர் வரிசையில் காத்திருப்பார். அறுவைப் பிரசவமும் இதையொட்டியே ஏறுகிறது. 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை; அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இதற்குக் காரணங்கள் பல; தணிக்கைப் பயமும் அதில் ஒன்று என்பது எங்கள் கணிப்பு. ஒவ்வொரு அறுவையும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் அபாயத்தை ஏற்றுகிறது. இன்றைய எண்ணைக் காப்பாற்றும் கத்தி நாளைய உதிரப்போக்குக்கு விதை போடலாம்.

மூன்றாவது, பரிந்துரைகளின் மொழி. 'தகுந்த அறிவுரை வழங்கப்பட்டது', 'இனி கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டது' என்று முடியும் கூட்டக் குறிப்புகள் காகிதச் செலவு. ஒரு பரிந்துரையில் என்ன செய்ய வேண்டும், யார், எந்தத் தேதிக்குள், எதைக் காட்டினால் முடிந்ததாக ஏற்பது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். 'ரத்தச் சேமிப்பு அறையில் ஓ நெகட்டிவ் 2 யூனிட் எப்போதும், பொறுப்பு ரத்த வங்கி மருத்துவ அலுவலர், 15 நாள், தினசரி இருப்புப் பதிவேடு' என்பது பரிந்துரை. அடுத்த மாதக் கூட்டம் புதிய இறப்பில் தொடங்கக் கூடாது. சென்ற மாதப் பரிந்துரைகள் எத்தனை முடிந்தன என்பதில் தொடங்க வேண்டும். இந்த ஒரு வழக்கம் இருக்கும் மாவட்டத்தையும் இல்லாத மாவட்டத்தையும் கோப்பைப் பார்த்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.

தனியார் மருத்துவமனைகள் பெரிய ஓட்டை. மாநிலப் பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே நடக்கிறது. நிலை முற்றிய பிறகு அரசு மருத்துவமனை வாசலுக்கு வந்து சேர்பவரின் கோப்பில் முந்தைய மணி நேரங்கள் ஒற்றைத் துண்டுச்சீட்டாக இருக்கும். இறப்பு அரசு மருத்துவமனைக் கணக்கில் ஏறும், பாடம் யாருக்கும் போய்ச் சேராது.

கேரளம் தேர்ந்த வழி

2001–03-இல் கேரளத்தின் எண் 110. தமிழ்நாட்டுக்கு அதிகத் தூரத்தில் இல்லை. 2018–20-இல் அது 19. இறப்பை ஆராயும் முறையிலும் இரு மாநிலங்களும் வேறு வழி தேர்ந்தன. கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பே ரகசிய ஆய்வை நடத்துகிறது. பெண்ணின் பெயர், மருத்துவர், மருத்துவமனை எல்லாம் நீக்கப்பட்ட கோப்பை மதிப்பீட்டாளர்கள் படிக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952-இல் தொடங்கிய முறையின் வழி இது. பெயர் இல்லாததால் தனியார் மருத்துவமனைகளும் கோப்பு தருகின்றன. கேரளத்தில் பிரசவங்களின் பெரும்பகுதி அங்கேதான்.

தமிழ்நாட்டு முறையின் பலம் வேகம். பெயரும் இடமும் தெரிவதால் அந்த நிலையத்துக்கே அடுத்த வாரம் ஜெனரேட்டர் போகும். ரகசிய முறையில் அது முடியாது; ஆனால் உண்மை அதிகம் வரும். ஒன்றை விட்டு மற்றதுக்குப் போக வேண்டியதில்லை. நிர்வாகத் தணிக்கை மாவட்டத்தில் நடக்கட்டும். பெயர் நீக்கிய இரண்டாம் வாசிப்பு மாநில அளவில், வேறு மருத்துவர்களால் நடக்கட்டும். இரண்டு வாசிப்பும் எங்கே மாறுபடுகின்றன என்பதே மாவட்டத்தில் எவ்வளவு பயம் இருக்கிறது என்பதற்கு அளவுகோல்.

எண் சிறிதாகும்போது

மாநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பிறப்புகள் என்று வைத்தால், 54 என்ற விகிதம் ஏறக்குறைய 490 இறப்புகள். 38 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் சராசரி 13. இவ்வளவு சிறிய எண்ணில் அதிர்ஷ்டம் பெரிதாக விளையாடும். 10 இறப்பு எதிர்பார்க்கக்கூடிய மாவட்டத்தில் எதுவுமே மாறாமல் ஓர் ஆண்டு 5 வரலாம், மறு ஆண்டு 16 வரலாம். 5 வந்த ஆண்டு கேடயம் கொடுத்து, 16 வந்த ஆண்டு விளக்கம் கேட்பது இரண்டு தடவையும் தவறு. மாவட்டங்களை மூன்றாண்டுத் தொகுப்பில் மட்டும் ஒப்பிட வேண்டும். மாதந்தோறும் பார்க்க வேண்டியவை வேறு: அழைப்பிலிருந்து வண்டி வர எத்தனை நிமிடம், ஏழாம் மாதத்தில் 9 கிராமுக்குக் கீழே இருந்தவர்களில் எத்தனை பேர் பிரசவத்துக்குள் ஏறினார்கள், ரத்தம் கேட்டதிலிருந்து ஏற்றியது வரை எவ்வளவு நேரம்.

இறப்பு அரிதாவதால் கற்க வேண்டியவையும் அரிதாகிவிடக் கூடாது. மயிரிழையில் தப்பியவர்களின் கோப்புகள் அதற்கு உதவும். இந்தியாவின் வழிகாட்டி 2014-லேயே வந்துவிட்டது. தப்பியவர் தானே பேசுவார் என்பது பெரிய வசதி. செவிலியரும் வெளிப்படையாகப் பேசுவார், ஏனென்றால் அவர் காப்பாற்றியவர்.

காரணங்களும் இடம் மாறுகின்றன. உதிரப்போக்கும் வலிப்பும் கிருமித்தொற்றும் குறையக் குறைய, இதய நோய் போன்ற மறைமுகக் காரணங்களின் பங்கு ஏறுகிறது. இதற்கு முத்திரையிட்ட பெட்டி போதாது. கர்ப்பத் தொடக்கத்திலேயே மூச்சுத்திணறலைக் கேட்டு, ஸ்டெதஸ்கோப் வைத்து, எக்கோ எடுத்து, பிரசவம் எங்கே என்று முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று தமிழ்நாடு முடிவெடுத்தது: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேலா என்று பார்ப்பது. இதயத்துக்கும் அப்படியோர் எளிய, எல்லாருக்குமான படி தேவை.

இன்னொரு இடம், வீடு திரும்பிய பிறகான நாட்கள். பிறந்த குழந்தைக்கான வீட்டுச் சந்திப்பு 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் என்று அட்டவணை இருக்கிறது. வருபவர் குழந்தையை எடை போடுவார், தொப்புளைப் பார்ப்பார், பால் குடிக்கிறதா என்று கேட்பார். தாய் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிரசவத்துக்குப் பின் முதல் வாரத்தில் ஏறும் ரத்த அழுத்தம், கால் வீக்கம், காய்ச்சல், தூக்கமின்மையோடு வரும் மனச்சோர்வு எல்லாம் அந்தச் சந்திப்பிலேயே பிடிபடக்கூடியவை. பையில் பி.பி. கருவி, படிவத்தில் தாய்க்கென்று நான்கு கட்டங்கள்: ரத்த அழுத்தம், வெப்பநிலை, உதிரப்போக்கு, 'நன்றாகத் தூங்குகிறீர்களா' என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில். 140/90-க்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம், 160/110 என்றால் அங்கிருந்தே 108-க்கு அழைப்பு. 3, 7 ஆம் நாள் படிவங்களில் இந்தக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று, மாவட்டத்துக்கு மாதம் ஐம்பது படிவங்களைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்ப்பது அடுத்த சுற்றுக்கான வேலை.